பெங்களூரில் ஒரு தெருவேலை எப்படி நடக்கிறது: எஸ்டிமேட்டிலிருந்து கடைசி பில் வரை

“எங்க தெருவுக்கு எப்போ சார் ரோடு போடுவீங்க?” என்று வார்டு ஆபீஸில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “சீக்கிரம் ஆயிடும்மா.” அதே இன்ஜினியரிடம், “இந்த வேலைக்கு எஸ்டிமேட் போட்டாச்சா சார்? போட்டிருந்தா ஃபைல் இப்போ யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே மாறிவிடும். மாநகராட்சியில் எந்த வேலையும் காகிதத்தில்தான் தொடங்குகிறது, மேஜை மேஜையாகக் காகிதமாகவே நகர்கிறது. ஜல்லியும் தாரும் தெருவுக்கு வருவது கடைசியில்தான். உங்கள் வேலை எந்தக் காகிதத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் என்று நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பழைய பகுதிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குறுகலான சந்துகள், பழைய குழாய்கள், வாசலை விட உயர்ந்துபோன ரோடு என்று இங்கே உள்ள சிக்கல்கள் புதிய லேஅவுட்டுகளில் அவ்வளவாக இருக்காது. ஆனால் வேலை நடக்கும் முறை நகரம் முழுக்க ஒன்றுதான்.

தெரு யார் பொறுப்பில் இருக்கிறது?

பாதி அலைச்சல் இந்த இடத்தில்தான். மேலே தெரியும் தாரும் கான்கிரீட்டும் நடைபாதையும் மாநகராட்சியுடையவை. அதற்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாயும், யு.ஜி.டி. என்று எல்லோரும் சொல்லும் பாதாளச் சாக்கடையும் 1964-இல் உருவான குடிநீர் வடிகால் வாரியத்துடையவை. கன்னடத்தில் ஜலமண்டலி என்பார்கள். தெருவிளக்கைப் பராமரிப்பது மாநகராட்சி, அதற்குக் கரண்ட் கொடுப்பது பெஸ்காம். ரோட்டோர மோரி, அதாவது மழைநீர் ஓடும் வடிகால், வார்டு இன்ஜினியர் பொறுப்பு. அந்த மோரித் தண்ணீர் போய்ச் சேரும் ராஜகாலுவை என்ற பெரிய கால்வாய் மழைநீர் வடிகால் பிரிவைச் சேர்ந்தது. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகள் பல இடங்களில் பி.எம்.ஆர்.சி.எல். கையில் இருக்கும். பெங்களூர் மேம்பாட்டு ஆணையமான பி.டி.ஏ. போட்ட லேஅவுட் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படும் வரை பி.டி.ஏ.வுக்கே சொந்தம். குடிசைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால் கர்நாடகக் குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியமும் நடுவில் வரும். நம் பகுதிகள் பலவற்றில் இதை மறந்துவிட்டுத் தவறான ஆபீஸில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சந்தேகம் அதிகம் வருவது சாக்கடையில்தான். மழையே இல்லாத நாளிலும் ரோட்டோர மோரியில் நாற்றத்தோடு தண்ணீர் ஓடுகிறதா? யு.ஜி.டி. எங்கோ உடைந்தோ அடைத்தோ மோரிக்குள் கலக்கிறது. அது ஜலமண்டலி வேலை, தொலைபேசி எண் 1916. மழை பெய்தால் மட்டும் தேங்குகிறதா? மோரியில் மண் அடைத்திருக்கும், அல்லது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியில்லை. அது மாநகராட்சி, எண் 1533. மின்சாரப் பிரச்சினை என்றால் பெஸ்காமின் 1912.

மாநகராட்சி என்றாலே இப்போது ஒன்றல்ல. 2007-இல் உருவான பி.பி.எம்.பி. என்ற ஒரே மாநகராட்சி 198 வார்டுகளோடு பல ஆண்டுகள் இருந்தது. கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் 2025 மே 15-இல் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 2 முதல் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்து மாநகராட்சிகள். அவற்றுக்கு மேலே முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட கிரேட்டர் பெங்களூரு ஆணையம். வார்டுகள் புதிதாகப் பிரிக்கப்பட்டு 369 ஆயின. பழைய வார்டு எண்ணை எழுதினால் உங்கள் கடிதம் வேறு யார் மேஜைக்கோ போகும். சிவாஜிநகர் சட்டமன்றத் தொகுதியில் வரும் அல்சூர்ப் பக்கம் மத்திய மாநகராட்சியில் இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் தொகுதி எந்த மாநகராட்சியில் வருகிறது, புதிய வார்டு எண் என்ன என்பதை முதல் வேலையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிரிவினையும் உண்டு. நகரத்தில் ஏறக்குறைய 13,000 கி.மீ. சாலை இருந்தால் அதில் பெரிய சாலைகள் சுமார் 1,300 கி.மீ. மட்டுமே. அவற்றைத் தனிப் பொறியியல் பிரிவு பார்த்துவந்தது. மீதி அத்தனையும் வார்டுச் சாலைகள். உங்கள் வீட்டு முன்னால் இருப்பது வார்டுச் சாலையாகவும், தெருமுனையில் இருப்பது பெரிய சாலையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இன்ஜினியர் வேறு.

புகாரா, வேலையா?

ஒரு குழியை மூடுவது பராமரிப்பு. உடைந்த மோரி மூடியை மாற்றுவதும், எரியாத விளக்கை எரிய வைப்பதும் அப்படியே. இவற்றுக்கு ஆண்டு முழுவதும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கும், 1533-இல் சொல்லிப் புகார் எண் வாங்கினால் போதும். எண் இல்லாத புகார் புகாரே இல்லை. வாட்ஸாப்பில் இன்ஜினியருக்கு அனுப்பிய படம் பதிவாகாது. படத்தையும் அனுப்புங்கள், எண்ணையும் வாங்குங்கள்.

சந்து முழுவதையும் கான்கிரீட் ஆக்குவது, புது மோரி கட்டுவது, நடைபாதை போடுவது ஆகியவை வேறு கணக்கு. இவற்றுக்கு எஸ்டிமேட் வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், டெண்டர் வேண்டும். இதைப் புகாராகப் பதிந்தால் “முடிக்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வரும், வேலை நடந்திருக்காது. காரணம் எளிது: புகாரைத் தீர்க்கும் ஆளிடம் அந்த வேலைக்குப் பணம் கிடையாது. பெரிய வேலைக்குக் கடிதம்தான் வழி.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தெருப்பெயர், குறுக்குத் தெரு எண், புதிய வார்டு எண், எங்கிருந்து எங்கு வரை வேலை தேவை, அந்த நீளம் சுமார் எத்தனை மீட்டர், அகலம் எவ்வளவு, எத்தனை வீடுகள் என்பதை எழுதுங்கள். இடத்தைப் பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி மூன்று படங்கள், மழை நாளில் எடுத்தது ஒன்று இருந்தால் நல்லது. “தெரு மிக மோசமாக உள்ளது” என்ற வரியைவிட “12-ஆம் எண் வீட்டிலிருந்து முனை வரை சுமார் 60 மீட்டருக்கு மோரி இல்லை” என்ற வரிக்கு வலு அதிகம். இன்ஜினியர் அதை அப்படியே தன் குறிப்பில் எழுதிக்கொள்ள முடியும்.

மொழி பற்றி நம்மவர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். அல்சூரில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் கன்னடம் நன்றாகப் பேசுவார்கள், எழுதத் தெரியாது. பேரப்பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படித்திருக்கிறார்கள். அவர்களை எழுதச் சொல்லுங்கள். கன்னடத்தில் எழுதிய கடிதம் கீழ்நிலை ஊழியர் முதல் மேலதிகாரி வரை தடையில்லாமல் ஓடும். ஆங்கிலத்திலும் கொடுக்கலாம். கையெழுத்தில் தெருவில் உள்ள எல்லோரும் சேர வேண்டும், தமிழர் மட்டும் அல்ல. ஒரு சந்தின் மோரிக்கு மொழி கிடையாது. பக்கத்து வீட்டு உருதுக்காரரும் எதிர் வீட்டுக் கன்னடக்காரரும் கையெழுத்திட்ட கடிதத்தை ஒதுக்கி வைப்பது எவருக்கும் கடினம்.

இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். வார்டு அளவில் ஜெ.இ. (இளநிலைப் பொறியாளர்) அல்லது ஏ.இ. (உதவிப் பொறியாளர்), அவருக்கு மேல் உட்கோட்டத்தில் ஏ.இ.இ. (உதவிச் செயற்பொறியாளர்), கோட்டத்தில் இ.இ. (செயற்பொறியாளர்) என்பது வரிசை. கடிதம் ஏ.இ.இ. பெயருக்கு இருக்கட்டும், நகல் இ.இ.க்கு.

எஸ்டிமேட்: கவனம் வைக்க வேண்டிய இடம்

பெரும்பாலான தெருக்கள் இந்தக் கட்டத்தில் உறங்கிவிடுகின்றன. டெண்டர் வந்த பிறகு, வேலை தொடங்கிய பிறகு, “இதையும் சேர்த்துப் போடுங்க சார்” என்று கேட்கிறோம். அப்போது கேட்டு என்ன பயன்? எஸ்டிமேட்டில் இல்லாத வேலையைக் காண்ட்ராக்டர் செய்ய மாட்டார். செய்தாலும் அவருக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

எஸ்டிமேட் என்பது அளவும் விலையும் சேர்ந்த பட்டியல். ஏ.இ. இடத்துக்கு வந்து டேப் பிடித்து அளந்து, பழைய தளத்தைப் பெயர்க்க எத்தனை சதுர மீட்டர், மண் தோண்ட எத்தனை கன மீட்டர், கான்கிரீட் எவ்வளவு, மூடிப் பலகை எத்தனை என்று எழுதுவார். ஒவ்வொரு இனத்துக்கும் விலை அவர் இஷ்டப்படி வராது. அரசு வெளியிடும் விலைப்பட்டியல் உண்டு, எஸ்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதிலிருந்து விலையை எடுத்து அளவோடு பெருக்கி, வரியும் பிற செலவும் சேர்த்தால் மொத்தம்.

அளக்க வரும் நாளில் தெருவில் இரண்டு பேராவது கூட நில்லுங்கள். சண்டைக்கு அல்ல. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மழைக்கு எந்த வீட்டுக்குள் நுழைந்தது, எந்த மேன்ஹோல் அடிக்கடி பொங்குகிறது என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். நல்ல இன்ஜினியர்கள் இதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

நம் பழைய தெருக்களுக்காக மூன்று விஷயங்களை விடாமல் கேளுங்கள்.

ஒன்று, பழைய தளத்தைச் சுரண்டி எடுப்பது. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத்தான் தெரு உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகியது. முதல் படிக்கட்டு மண்ணுக்குள் போன வீடுகள் மர்ஃபி டவுனிலும் ஸ்ரீராம்புரத்திலும் எத்தனை! மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு மழை மட்டும் காரணமல்ல. “பழைய தளத்தை எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும்” என்பது எஸ்டிமேட்டில் தனி இனமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் சாதித்தாலும் போதும் என்று சொல்வேன்.

இரண்டு, அடியில் இருக்கும் குழாய். ஜலமண்டலி இந்தச் சந்தில் குழாய் மாற்றப் போகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். யு.ஜி.டி., குடிநீர், மோரி, கேபிள், கடைசியில்தான் ரோடு என்பதே சரியான வரிசை. இந்த வரிசை மாறினால் புது ரோட்டை ஆறு மாதத்தில் வெட்டுவார்கள். 2007-இல் நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களில் இதைப் பெரிய அளவில் பார்த்தோம். காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீருக்காகவும் யு.ஜி.டி.க்காகவும் தெருத்தெருவாக வெட்ட வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் அந்தத் திட்டம் தொடங்கிவைக்கப்படும் வரை பல தெருக்கள் வெட்டியதும் மூடியதுமாகக் கிடந்தன. குழாய் வந்தது நல்லது, வரத்தான் வேண்டும். ஆனால் முதலில் குழாய், பிறகு தார் என்று இருந்த இடங்களில் மக்கள் பட்ட பாடு குறைவு.

மூன்று, மோரியின் வாட்டம். எங்கே போய்ச் சேருகிறது என்று காட்டாத மோரி ஒரு நீளமான தொட்டிதான். வரைபடத்தில் அது சேரும் ராஜகாலுவை அல்லது அடுத்த மோரி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நடைபாதை போடுவதாக இருந்தால், இந்தியச் சாலைக் கழகத்தின் நெறிமுறைப்படி தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். பழைய தெருவில் எல்லா இடத்திலும் அது முடியாது. முடிகிற இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் விளம்பரப் பலகையும் வந்து அதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து வரும்

மாநகராட்சியின் சொந்த வருமானத்தில் பெரியது சொத்துவரி. அதோடு மாநில அரசின் மானியம், மத்திய நிதிக்குழு வழியாக வரும் பணம், சாலை வெட்ட அனுமதி கேட்கும் நிறுவனங்கள் கட்டும் கட்டணம் போன்றவை சேரும். பி.பி.எம்.பி. என்ற பெயரில் போட்ட கடைசி பட்ஜெட், 2025-26-க்கானது, சுமார் 19,900 கோடி ரூபாய்.

பட்ஜெட் ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்காகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். அதற்கான பட்டியல் டிசம்பர், ஜனவரியிலேயே தயாராகத் தொடங்கிவிடும். எந்த வார்டில் எந்த வேலை என்பதைச் சொல்லும் பட்டியலுக்கு பி.ஓ.டபிள்யூ. என்று பெயர். உங்கள் சந்து அதில் இல்லையென்றால் அந்த ஆண்டு பெரும்பாலும் வராது. ஆகவே கடிதம் கொடுக்க நல்ல மாதம் நவம்பர். ஏப்ரலில் கொடுத்த கடிதத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டிவரும். ஜனாக்ரஹா அமைப்பு 2015 முதல் நடத்திவந்த ‘மை சிட்டி மை பட்ஜெட்’ இயக்கத்தில் மக்கள் தங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது தமிழ்ப் பகுதிகளிலிருந்து ஒரு சீட்டுகூடப் போகாமல் இருப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

கவுன்சிலர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.பி.எம்.பி.க்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அந்தக் கவுன்சில் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நிர்வாகிகளே நகரத்தை நடத்தினார்கள். அந்த இடைவெளியில் எந்தத் தெருவுக்கு எந்த வேலை என்பதில் எம்.எல்.ஏ.க்களின் சொல் எடுபட்டது. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியும் உண்டு; சின்னச் சின்ன வேலைகளுக்கு அது பயன்படும். அதனால் கடிதத்தின் மூன்றாவது நகல் எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு. எம்.எல்.ஏ. சொன்னால்தான் மோரி வரும் என்ற நிலை எனக்கு ஒப்புதல் இல்லை. வார்டுக்கு ஒரு கவுன்சிலர், அவரைத் தட்டிக் கேட்க ஒரு வார்டு கமிட்டி என்பதைத்தான் 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது; மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் இருக்க வேண்டும் என்பது அதன் 243எஸ் பிரிவு. உங்கள் வார்டில் கமிட்டி கூடும்போது போய் உட்காருங்கள். பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒப்புதலும் டெண்டரும்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். வேலை தேவை, பணம் இருக்கிறது என்று மேலிடம் ஒப்புக்கொள்வது நிர்வாக ஒப்புதல். கணக்கும் வரைபடமும் சரி என்று மூத்த இன்ஜினியர் கையெழுத்திடுவது தொழில்நுட்ப ஒப்புதல். இரண்டும் ஆனபின் வேலைக்கு ஒரு ஜாப் நம்பர் கிடைக்கும். அந்த எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் உங்கள் தெருவின் பெயரே அதுதான்.

1999-ஆம் ஆண்டின் கர்நாடகக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, விலக்கு இல்லாத வேலைகளுக்கு டெண்டர் விட வேண்டும். மாநில அரசின் கொள்முதல் இணையதளத்தில் அறிவிப்பு வரும். தகுதி பார்த்த பிறகு விலை உறையைத் திறப்பார்கள்; குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. அதே சட்டத்தின் 4(ஜி) பிரிவில் அரசு விலக்கு அளித்தால், டெண்டர் இல்லாமலே கே.ஆர்.ஐ.டி.எல். (கர்நாடக ஊரக உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிறுவனம்) போன்ற அரசு நிறுவனங்களுக்கு வேலையைக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்திருந்தால், களத்தில் உண்மையில் வேலை செய்வது யார் என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எஸ்டிமேட்டைவிட மிகவும் குறைத்துக் கேட்டவருக்கு வேலை போயிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். குறைந்த பணத்தை அவர் எங்காவது ஈடு கட்ட வேண்டும். அது பெரும்பாலும் தளத்தின் தடிமனில் போய் முடியும்.

வேலை நடக்கும் நாட்கள்

காண்ட்ராக்டருக்கு வொர்க் ஆர்டர் கொடுத்ததும் அதில் முடிக்க வேண்டிய தேதி இருக்கும். வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை வைக்க வேண்டும்: வேலையின் பெயர், தொகை, காண்ட்ராக்டர், தொடக்கமும் முடிவும், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுது வந்தால் காண்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய காலம்). பலகை இல்லையென்றால் முதல் நாளே கேளுங்கள்.

பிறகு அளவு. இதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள சந்துக்கு 15 செ.மீ. தடிமனில் கான்கிரீட் என்று எஸ்டிமேட் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 × 3 × 0.15 = 45 கன மீட்டர். ஒரு மிக்ஸர் லாரி 6 கன மீட்டர் கொண்டுவந்தால் ஏழரை லோடு வர வேண்டும். ஆறு லோடோடு வேலை முடிந்தால் வந்தது 36 கன மீட்டர். தடிமன் 12 செ.மீ.தான். மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வழவழப்பாகத்தான் இருக்கும். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி லாரியை எண்ணினால் போதும், அந்த மூன்று சென்டிமீட்டர் எங்கே போனது என்று கேட்டுவிடலாம். லோடோடு வரும் ரசீதில் அளவும் கான்கிரீட் தரமும் இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் கொட்டும்போதே அதிலிருந்து 15 செ.மீ. கட்டிகளாகச் சில மாதிரிகள் எடுத்து, 7-ஆம் நாளிலும் 28-ஆம் நாளிலும் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்20 என்று எழுதியிருந்தால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். “கட்டி எடுத்தீங்களா சார்?” என்ற ஒரு கேள்வி போதும். அதைவிட எளிது தண்ணீர் விடுவது. போட்ட கான்கிரீட்டை ஈரச் சாக்கு போட்டோ பாத்தி கட்டியோ குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். மறுநாளே வண்டி விடச் சொல்லிக் காண்ட்ராக்டரை நெருக்குவது நாம்தான். அதைச் செய்யாதீர்கள். தெருவே சேர்ந்து வண்டிகளை வெளியே நிறுத்தினால் ரோடு பல வருஷம் தாங்கும்.

தார் ரோடு என்றால் சூடுதான் எல்லாம். கலவை சூடாக இருக்கும்போதே பரப்பி ரோலர் ஓட்ட வேண்டும்; ஆறிய கலவை இறுகாது, முதல் மழையில் ஜல்லி கையோடு வரும். அடித்தளத்தில் தூசியும் ஈரமும் இருக்கக்கூடாது. பெங்களூரில் மழை கனமாகப் பெய்வது செப்டம்பர், அக்டோபரில். அந்த மாதங்களில் அவசரமாகப் போட்ட தார் நிற்காது. நவம்பர் கடைசி முதல் மே வரை தார் வேலைக்கு ஏற்ற காலம்.

மேன்ஹோல் மூடிகளைப் புதிய மட்டத்துக்கு உயர்த்துவதோ இறக்குவதோ ரோடு போடும் அதே வேலையில் நடக்க வேண்டும். பிறகு செய்கிறோம் என்றால், புது ரோட்டில் முதல் குழி அங்கேதான் விழும்.

அளவுப் புத்தகமும் பில்லும்

எம்.பி. என்று அழைக்கப்படும் அளவுப் புத்தகம்தான் முழு வேலைக்கும் சாட்சி. எந்தத் தேதியில் எந்த இடத்தில் எவ்வளவு நீள அகல ஆழத்துக்கு வேலை நடந்தது என்று ஏ.இ. அதில் எழுதுவார், மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அதை வைத்துத்தான் பில் தயாராகும். புத்தகத்தில் 15 செ.மீ. என்று ஏறிவிட்டால் தரையில் எவ்வளவு இருந்தாலும் 15-க்கே பணம். தோண்டிய பள்ளம், அடியில் போட்ட ஜல்லி போன்றவை மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தில் பள்ளத்துக்குள் டேப் வைத்து எடுத்த படம் பின்னால் பெரிய ஆதாரம்.

இந்தப் புத்தகத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் காகித நகல் கேட்பதோடு நிற்கவில்லை. அதன் 2(ஜெ) பிரிவு, வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை. கர்நாடகத்தில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. மாநில விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருள், சுமார் 150 சொற்களுக்குள். ஆகவே நீட்டி முழக்க வேண்டாம். இப்படிக் கேளுங்கள்:

“வார்டு எண் …, … குறுக்குத் தெரு, ஜாப் நம்பர் … வேலை தொடர்பாக: ஒப்புதல் பெற்ற எஸ்டிமேட், வொர்க் ஆர்டர், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், தரச் சோதனை அறிக்கைகள், இதுவரை கொடுத்த பில் தொகை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றின் நகல் வேண்டும். 2(ஜெ) பிரிவின்படி வேலையை நேரில் ஆய்வு செய்ய நாளும் நேரமும் தெரிவிக்கவும்.”

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். காகிதத்தைக் கேளுங்கள், விளக்கத்தைக் கேட்காதீர்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். தவறான ஆபீஸுக்குப் போட்டுவிட்டாலும் பரவாயில்லை. 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. தரையில் உள்ளதும் புத்தகத்தில் உள்ளதும் பெரிதாக மாறுபட்டு, எழுதிக் கொடுத்தும் யாரும் அசையவில்லை என்றால் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்ஆயுக்தா இருக்கிறது. புகார்ப் படிவத்தோடு உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும். கையில் காகிதம் இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

காண்ட்ராக்டர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பெங்களூரில் பில் பணம் வர மாதங்கள், சில நேரம் வருஷங்கள் ஆகின்றன என்று காண்ட்ராக்டர்கள் வெளிப்படையாகவே சொல்லிவருகிறார்கள். தாமதமாக வரும் பணத்துக்கு வட்டி கட்டும் ஆள் சிமெண்டில் கை வைக்கத் தூண்டப்படுவார். ஒழுங்காக வேலை செய்தவருக்குத் தெருவாகச் சேர்ந்து “வேலை திருப்தி” என்று எழுதிக் கொடுங்கள். பில்லோடு அது போனால் அவருக்கு உதவும். அடுத்த முறையும் அவர் நம் தெரு டெண்டரைப் போட நினைப்பார்.

குறைபாட்டுப் பொறுப்புக் காலம்

வேலை முடிந்த நாளிலிருந்து ஒப்பந்தத்தில் குறித்த காலம் வரை, தளம் பெயர்ந்தாலோ மோரிச் சுவர் விரிசல் விட்டாலோ காண்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிடிமானமாக அவருடைய பில்களிலிருந்து ஒரு பங்கைப் பிடித்து வைத்திருப்பார்கள், எஃப்.எஸ்.டி. என்பது அதுதான். காலம் முடிந்ததும் அந்தப் பணம் திரும்பப் போய்விடும். அந்தக் காலத்துக்குள் விழும் குழியை மாநகராட்சி தன் பராமரிப்புப் பணத்தில் மூடினால், ஒரே ரோட்டுக்கு நாம் இரண்டு முறை வரி கட்டுகிறோம்.

ஆனால் குழி விழுந்தது காண்ட்ராக்டர் தவறாலா, நடுவில் யாராவது கேபிளுக்காகவோ குழாய்க்காகவோ வெட்டியதாலா என்ற தகராறு வரும். வெட்ட வருகிறவர்களிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். யார் வெட்டினார்கள், எந்தத் தேதியில், எப்படி மூடினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து, படமும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்காக நாமே அனுமதி இல்லாமல் வெட்டினால் காண்ட்ராக்டரின் பொறுப்பு முழுவதும் கைவிட்டுப் போகும். இதைத் தெருவில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பொறுப்புக் காலம் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பு தெருவை ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள், ஒரு மழை பெய்த மறுநாளாக இருந்தால் மிக நல்லது. தேங்கிய இடம், விரிசல், ஆடும் மூடி, உதிரும் ஓரம் எல்லாவற்றையும் வீட்டு எண்ணோடு பட்டியல் போட்டு, ஜாப் நம்பரை மேலே எழுதி, இ.இ.க்குக் கொடுங்கள். “இவை சரிசெய்யப்பட்டு, நேரில் சரிபார்க்கப்படும் வரை எஃப்.எஸ்.டி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்” என்று ஒரு வரி சேர்த்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.